பீலியில் வந்த மஞ்சள்

நெலுகந்தைத் தோட்டத்து லொறிக்குப் புதுக் கராஜ் கட்டிய நாளிலிருந்து டிரைவர் அழகருக்குக் காலம் சரியில்லை. அதற்கு முன்னால் அந்த லொறி தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு கொட்டகையில், மண் தரையில் நின்றது. ஏழு வருஷம் அப்படித்தான் நின்றது. யாரும் அதன் அடியில் குனிந்து பார்த்ததில்லை. இப்போது சீமெந்துத் தரை. சீமெந்துத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் துரையின் கண்ணுக்குப் பட்டுவிடும்.

கிடந்தது ஒரு சொட்டு அல்ல. மழை பிடித்த நாளிலிருந்து தினமும் காலையில் லொறியின் முன் சில்லுகளுக்கு நடுவில் ஒரு சுளகு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும் துரை கைத்தடியோடு கராஜுக்கு வருவார். தடியின் நுனியால் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லுவார். பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் அதைத் தமிழில் சொல்லுவார். சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் துரையின் பேச்சும் தொழிலாளியின் பேச்சும் அவர் வாய் வழியாகத்தான் போய் வந்தன. வழியில் எது சிந்தியது, எது கலந்தது என்று கேட்பதற்கு ஆள் கிடையாது.

“துரை கேக்கிறார், இது எத்தனையாம் நாள் எண்டு.”

“பதினோரு நாளுங்க ஐயா.”

“ரேடியேட்டர் ஒழுகுதாம். எஞ்சின் சூடேறிக் கொஸ்லந்தை வளைவுகளில லொறி நிண்டால் ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறார்.”

“ரேடியேட்டர்ல தண்ணி கொறையலைங்க ஐயா. காலையில மூடியத் தொறந்து பாத்தா, சாயந்தரம் ஊத்தின அளவு அப்பிடியே நிக்குது.”

சிற்றம்பலம் அதை முழுதாகச் சொன்னாரோ, சுருக்கிச் சொன்னாரோ, துரை தலையை அசைக்கவில்லை.

“சனிக்கிழமைக்குள்ள ஒழுக்கை நிப்பாட்டோணும். அதுவரைக்கும் லொறி பெரகலைக்கு அங்கால போகக்கூடாது. நிப்பாட்ட ஏலாதெண்டால் பதுளையில இருந்து வேற டிரைவர் வருவான். நீ மண்வெட்டியோட மலைக்குப் போகலாம்.”

மண்வெட்டிக்கு அழகர் பயந்தவன் இல்லை. லொறி பெரகலையைத் தாண்டக்கூடாது என்றதற்குத்தான் பயந்தான். உரமும் மருந்தும் ஏற்ற மாதத்துக்கு இரண்டு தடவை லொறி பெரகலை தாண்டிப் பதுளைக்குப் போகும். வருகிற வாரம் போகும்போது மகள் பேச்சியை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும் என்று அவன் எண்ணியிருந்தான். பேச்சிக்கு ஐந்து வயது. கராஜுக்குக் கீழே, தொழிலாளர் வரிசைவீடான ஏழாம் லயத்தில், கடைசிக் காம்பிராவின் ஒற்றை அறையில் அவள் இரண்டு மாதமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அது 1953ஆம் வருஷத்துக் கார்த்திகை. கொஸ்லந்தைப் பக்கமிருந்து மழை ஏறி வந்தால் மூன்று நாளைக்கு இறங்காது. லயத்துக் கூரைத் தகரம் சதா சடசடத்தது. ஈர விறகு எரிய மறுத்துப் புகைந்தது. அழகரின் மனைவி ரெங்கம்மா நான்கரை மணிக்கு எழுந்து அடுப்போடு போராடி, கோதுமை மாவில் தேங்காய்ப்பூக் கலந்து ரொட்டி தட்டுவாள். அம்மியில் மிளகாயும் வெங்காயமும் வைத்து நசுக்கிச் சம்பல் அரைப்பாள். அழகருக்கு இரண்டு ரொட்டி, தனக்கு ஒன்று. பேச்சிக்குச் சாயத் தண்ணீரில் நனைத்து ஒரு துண்டு. அந்தத் துண்டு உள்ளே போன கால் மணிக்குள் வெளியே வந்துவிடும்.

“நேத்தும் பச்சையா எடுத்துச்சுங்க,” என்றாள் ரெங்கம்மா. “பக்கத்துக் காம்பிராவுல பெரியாயி அக்கா மகன் சோலைக்கும் இதேதான். அஞ்சாம் காம்பிராவுல கைப்புள்ளைக்கும் இதேதான். மருந்தய்யா பூச்சிங்கிறாரு. எத்தன தடவதான் பேதிக்குக் குடுக்கிறது? புள்ள வயித்துல பூச்சியே செத்துப்போயிருக்கும். புள்ளதான் மிச்சம்.”

“தோட்டத்து ஆஸ்பத்திரியில மூணு நாள் வச்சிருந்தப்போ நல்லாத்தானே இருந்தா.”

“நல்லாத்தான் இருந்தா. சோறு கேட்டுத் திண்டா. இங்க வந்த நாலாம் நாள் திரும்பத் தொடங்கிருச்சு. எனக்கென்னவோ இது ஆத்தா கோவம்னு தோணுது. பங்குனியில திருவிழாவுக்குத் தொரை லீவு குடுக்கலன்னு எல்லாருமா வாய மூடிக்கிட்டுக் கொழுந்துக்குப் போனோமே. கரகம் பாலிக்கல, மஞ்சத்தண்ணி ஊத்தல. அவ சும்மா இருப்பாளா?”

அழகர் ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டான். ஆத்தாளைப் பற்றி வாக்குவாதம் செய்ய அவனுக்கு நேரமில்லை. அவன் தலை முழுவதும் அந்தச் சுளகு அகலத் தண்ணீரில் கிடந்தது.

அவன் செய்யாத சோதனை இல்லை. முதலில் விரலால் தொட்டுப் பார்த்தான். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் துருவேறிச் செம்மண் நிறத்தில் இருக்கும். இது பளிங்காக இருந்தது. மோந்தான்; பெட்ரோல் வாடை மட்டும் லேசாக வந்தது, அது கராஜ் தரை முழுவதும் வருகிற வாடை. பிறகு ரப்பர்க் குழாய் பூட்டுகிற இடம், தண்ணீர்ப் பம்பின் கழுத்து, அடியிலுள்ள திறப்பு என்று ஒவ்வொன்றிலும் காய்ந்த துணியைச் சுற்றிக் கட்டிவைத்தான். காலையில் எல்லாத் துணியும் காய்ந்தபடியே இருந்தது. தரையில் மட்டும் தண்ணீர். துணிகளைக் கொண்டுபோய்த் துரையிடம் காட்டினான். அவை அன்று காலையில் கட்டியவை என்று துரை முடிவு செய்துவிட்டார்.

லொறியை வெளியே நிறுத்திப் பார்த்திருக்கலாம்தான். அதற்கு அனுமதியில்லை. புதுக் கராஜ் எதற்காகக் கட்டியது என்று கேட்டார்கள். பகலில் லொறி வெளியே போனபின் தரை காய்ந்து கிடக்கும். ஆகவே லொறி இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. துரையின் கணக்கு அத்தோடு முடிந்தது.

புதன்கிழமை பெரகலைக்குக் கொழுந்துச் சாக்கு வாங்கப் போனபோது அழகர் லொறியை இப்றாஹீம் நானாவின் வேலைத்தலத்தில் விட்டான். இப்றாஹீம் சாக்கை விரித்து லொறியின் அடியில் மல்லாந்து படுத்து அரை மணி நேரம் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டும் பார்த்தார், நிறுத்தியும் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு பாலில்லாத ஒரு பிளேன்டி வரவழைத்தார்.

“தம்பி, இந்த வண்டியில ஒரு சொட்டு ஒழுகல்ல. நான் எழுதித் தாரேன், ஒங்கட தொரைக்கிட்டக் குடுங்க.”

“எழுதிக் குடுத்தா நீங்களும் நானும் கூட்டுன்னு சொல்லுவாங்க நானா.”

“அப்ப என்னதான் சொல்லணுமாம்?”

“ஒழுகுதுன்னு சொல்லணுமாம்.”

இப்றாஹீம் சிரித்தார். அழகருக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வருகிற வழியில் கியர் மாற்றிக்கொண்டே யோசித்தான். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் இந்தப் பக்கத்து டிரைவர்மார் ஒரு பிடி மஞ்சள் தூளை உள்ளே கொட்டுவார்கள். மஞ்சள் போய்த் துளையில் அடைத்துக்கொள்ளும். பட்டறை வரைக்கும் வண்டி வந்து சேரும். அடைப்பதற்கு அல்லாமல் நிறத்துக்காகவே கொட்டினால் என்ன? லொறியின் தண்ணீர் முழுவதும் மஞ்சளாகிவிடும். காலையில் தரையில் கிடப்பது மஞ்சளாக இருந்தால் குற்றம் லொறியுடையது. வெள்ளையாக இருந்தால் துரை வாயை மூட வேண்டும்.

“ஒரு ராத்தல் மஞ்சளா?” என்றாள் ரெங்கம்மா. “திருவிழாவுக்குன்னு இடிச்சு வச்சது. ஆத்தாளுக்கு வச்சதக் கொண்டுபோய் லொறி வாயில போடுவீங்களா?”

“லொறி பதுளைக்குப் போகலன்னா நம்ம புள்ள எப்பிடிப் போறது? வேல போயிருச்சுன்னா பஸ்ஸுக்குக் காசு? சொல்லு புள்ள.”

ரெங்கம்மா பரணிலிருந்து டின்னை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது தன் கன்னத்தில் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை மஞ்சளைக் கொட்டி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தரையைச் சாக்கினால் ஒற்றித் துடைத்துவிட்டு அழகர் கதவைப் பூட்டினான். வெள்ளிக்கிழமை காலையில் சிற்றம்பலத்தையும் அழைத்துக்கொண்டு போய்த்தான் பூட்டைத் திறந்தான். அதே இடத்தில், அதே அகலத்தில் தண்ணீர். நிறமே இல்லாத வெறும் தண்ணீர். அழகர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்துக் காட்டினான். குச்சி மஞ்சளாக வந்தது.

சிற்றம்பலம் குனிந்து, இரண்டு விரலை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அழகர் அப்போது அதைக் கவனிக்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தான்.

“கெட்டிக்காரனடா நீ,” என்றார். “லொறி நல்லம். தரைதான் குளிருக்கு வேர்க்குது போல. துரைக்கு நான் சொல்லுறன். செவ்வாய்க்கிழமை பதுளைக்குப் போகலாம்.”

அழகர் அன்று பகல் முழுவதும் பாட்டு முணுமுணுத்தான். கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கிற மயில்துத்தம் ஹப்புத்தளை ஸ்டேஷனில் வந்திறங்கியிருந்தது. இருபது மூட்டை ஏற்றி வந்தான். இரண்டு மூட்டை வழியில் கிழிந்து லொறித் தட்டு நீலம் பாரித்துப்போயிற்று. மாலையில் வழக்கம்போல லொறியைக் கராஜுக்குள் விட்டுத் தட்டைக் கழுவினான். மறுநாள் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற தட்டில் மருந்து வாடை இருக்கக்கூடாது என்பது துரையின் சட்டம். மருந்தடிப்பு தொடங்கிய மூன்று மாதமாக, மூட்டை ஏற்றிய ஒவ்வொரு நாளும் அங்கேதான் கழுவினான். ரேடியேட்டரையும் திறந்துவிட்டு, மஞ்சள் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்பினான். நீலமும் மஞ்சளும் தரையின் பள்ளத்துக்கு ஓடிப் பின்சுவரோரத்து வெடிப்புக்குள் போய் மறைந்தன. வேலை சுத்தமாக முடிந்தது என்று நினைத்தான்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாய்க் குலவைச் சத்தம் கேட்டது.

ஏழாம் லயத்துக்கும் எட்டாம் லயத்துக்கும் ஒரே பீலிதான். மலைச்சரிவிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்; அதிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழும். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். அழகர் போனபோது பெண்கள் பீலியைச் சுற்றி நின்றார்கள். குழாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இளமஞ்சள், ஆனாலும் மஞ்சள்தான்.

பெரியாயி நனைந்த சேலையோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றாள். முதலில் குடத்தை வைத்தவள் அவள்தான். நாற்பது வயதுக்கு மேல், மூன்றைப் பறிகொடுத்தபின் பெற்ற மகன் சோலை அவள் இடுப்பில் துவண்டு கிடந்தான். அவன் தலையிலும் உடம்பிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றியிருந்தாள். அவனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று வயதுப் பெண் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாம குடுக்காட்டியும் ஆத்தாளே எறங்கி வந்துட்டா தம்பி,” என்றாள் பெரியாயி. அழுதுகொண்டே சொன்னாள். “அவளே மஞ்சத்தண்ணி ஊத்துறா பாரு. இனி ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் வராது.”

அழகர் குழாய்க்குக் கீழே கையை நீட்டி ஒரு வாய் வைத்தான். மஞ்சள் வாசத்துக்கு அடியில் பெட்ரோல். அதற்கும் அடியில் நாக்கைச் சுருட்டுகிற துவர்ப்பு. செப்புச் சதக் காசை வாயில் போட்டுச் சப்பினால் வருகிற துவர்ப்பு. அவன் துப்பினான்.

“ஐயோ, துப்புறியே தம்பி.”

அவன் பெரியாயியைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் ரெங்கம்மாவைத் தேடினான். அவள் பேச்சியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்கலத் தம்ளர். அது காலியாக இருந்தது.

அழகர் கராஜுக்கு ஓடினான். ஒரு வாளித் தண்ணீரில் சவுக்காரக் கட்டியைக் கரைத்து, அடித்து நுரைத்து, பின்சுவர் வெடிப்பில் ஊற்றினான். மறுபடியும் பீலிக்கு ஓடி வந்து நின்றான். ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் ஆகியிருக்கும். குழாய் வாயில் வெள்ளை நுரை கட்டி விழுந்தது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. ஊற்றுக்கண்ணின் மேலேயே கல்லைக் கொட்டிச் சீமெந்து பூசிக் கராஜ் கட்டியிருக்கிறார்கள். பகலில் மேலேயிருந்து ஸ்டோர் பம்பு தண்ணீரை இழுக்கிறது. இராத்திரி பம்பு நின்றதும் இந்த மழையில் பெருகிய ஊற்று ஏறித் தரை வழியாக வருகிறது; கல்லில் படிந்த மஞ்சளையும் கழுவிக்கொண்டு பீலிக்கு இறங்கியிருக்கிறது. இத்தனை நாளாக அவனை மிரட்டிய தண்ணீர் லயத்துக் குடிதண்ணீர். அதில் மூன்று மாதமாக மயில்துத்தத்தைக் கழுவி விட்டவன் அவன். பேச்சிக்கும் சோலைக்கும் பேர் தெரியாத அந்தக் கைக்குழந்தைக்கும் தினமும் விஷம் காய்ச்சிக் கொடுத்தது அவனுடைய கை. அந்த எண்ணம் வந்ததும் பீலிக்கரையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அதையும் பெண்கள் பக்தி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் தான் கொட்டியது என்றான், ரெங்கம்மாவே சாட்சி என்றான். இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், ஆற்றுக்குப் போங்கள் என்றான்.

“ஆறு ஒண்ணரக் கட்டத் தூரம் நடக்கணும்,” என்றாள் ஒருத்தி. “பெரட்டுக்கு யாரு போறது? உங்கப்பனா?”

“மஞ்சள் நீதான் போட்டே, சரி,” என்றாள் பெரியாயி. அவள் குரலில் கோபமே இல்லை. “ஒன்னப் போட வச்சது யாரு? ஆத்தாளுக்கு வச்ச மஞ்சளு தம்பி அது. அவளுக்கு வந்து சேரணும், வந்துருச்சு.”

ரெங்கம்மா அவன் முகத்தைப் பார்க்காமல், “பேச்சி இன்னிக்கி இன்னும் வாந்தி எடுக்கலங்க,” என்றாள்.

பேச்சி பகல் பத்து மணிக்கு எடுத்தாள். நீலமும் பச்சையுமாக எடுத்தாள். சோலை அதற்கு முன்பே எடுத்துவிட்டான். அம்மன் வந்து போகிற வேகத்தில் உடம்பு கொஞ்சம் அலைக்கழியத்தான் செய்யும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஆபீசில் சிற்றம்பலம் அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அதில ஊத்து இருக்கெண்டு எனக்குத் தெரியும்,” என்றார். “இடம் காட்டினது நான்தான். ஸ்டோருக்குக் கிட்ட, றோட்டுக்குக் கிட்ட, வெட்ட வேண்டிய மண்ணும் குறைவு. தண்ணி கீழால தன்ர பாட்டுக்குப் போகுமெண்டு நினைச்சன். இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது?”

“இப்பத் தெரிஞ்சிருச்சுங்களே ஐயா. தொரைகிட்டச் சொல்லுங்க. மேலேருந்து வேற குழாய் இழுத்துக் குடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் லொறிய வேற எடத்துல கழுவுறேன்.”

“அதைச் சொன்னால் கராஜை உடைக்கோணும், இடம் காட்டினது ஆரெண்டு கேப்பார். கட்டி ஆறு மாசம். எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருஷம் கிடக்கு. நாலு குமர்ப்பிள்ளையளைக் கட்டிக் குடுக்கோணும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சொல்லுறதைக் கேள். லொறி நல்லமெண்டு துரைக்குச் சொல்லியாச்சு. உன்ர வேலை போகாது. செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பதுளைக்குக் கொண்டுபோ. கழுவுறதையும் வெளியால வைச்சுக்கொள். மெல்ல மெல்லச் சரியாக்குவம். சனங்களும் சந்தோஷமா இருக்குதுகள். ஏன் கிண்டுறாய்?”

அது நல்ல பேரம்தான். நாமாக இருந்தால் ஒத்துக்கொண்டு வந்திருப்போம். அழகரும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒத்துக்கொண்டவனாகத்தான் இருந்தான். ஆனால் தரைக்கு அடியிலே போட்ட கல்லெல்லாம் மூன்று மாதத்து மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும், நாளைக்குக் கழுவுவதை நிறுத்தினாலும் அது கரைந்து வந்துகொண்டே இருக்கும் என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்தபின் பெரியாயி குடத்தோடு போவதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில், முந்நூறு பேர் பார்த்திருக்க, அழகர் துரைக்கு முன்னால் போய் நின்றான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்று, கராஜ், மருந்து, பீலி என்று ஒன்று விடாமல் சொன்னான். துரை சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

அழகருக்கு ஆங்கிலம் தெரியாது. ஏழு வருஷம் லொறி ஓட்டியதில் பொறுக்கிக்கொண்ட சொற்கள் சில தெரியும். சிற்றம்பலம் பேசியதில் லொறி என்பது அகப்பட்டது. ரேடியேட்டர் என்பது அகப்பட்டது. மஞ்சளை இங்கே இங்கிலீசுக்காரர் சஃப்ரன் என்பார்கள், அதுவும் அகப்பட்டது. கோயில் என்பதற்கான சொல்லும், ட்ரபிள் என்பதும் இரண்டு மூன்று தரம் வந்தன. வாட்டர் என்ற சொல் அழகருக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு தடவைகூட வரவில்லை.

துரையின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. சிற்றம்பலம் நிலத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

“தோட்டத்து லொறிக்குள்ள மந்திரம் தந்திரமெண்டு கண்டதையும் கொட்டி, சனங்களைக் குழப்பினதுக்காக உனக்குப் பத்துச்சீட்டு, வேலை முடிஞ்சுது. பதினாலு நாளில காம்பிராவை விட்டுப் போகோணும்.”

“ஐயா, நான் சொன்னதச் சொன்னீங்களா?”

சிற்றம்பலம் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அதே பெரட்டில், பீலிக்கரையில் அம்மனுக்குச் சின்னதாக ஒரு கோயில் கட்டிக்கொள்ளத் துரை நாலு மூட்டை சீமெந்து தருவதாகவும் அறிவிக்கப்பட்டது. முந்நூறு பேரும் கும்பிட்டார்கள்.

ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அழகரின் அக்கா கருப்பம்மா இருந்தாள். அவள் காம்பிராவின் முன்திண்ணையில், இஸ்தோப்பில், சாக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு இவர்கள் குடியேறினார்கள். அந்தத் தோட்டத்து ஆளாகப் பேர் பதிய முடியாது; அழகர் அன்றாடக் கைக்காசுக்குப் புல் வெட்டினான். பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த மனுவில் நெலுகந்தை விலாசம் இருந்தது. விசாரணைக் கடிதம் அங்கே போனால் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. எது போனாலும் ஒன்று மட்டும் நடந்தது. பேச்சிக்கு வாந்தி நின்றது. இரண்டு வாரத்தில் சோறு கேட்டாள். ஒரு மாதத்தில் கருப்பம்மாவின் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடினாள்.

“கடைசியா ஆத்தா தண்ணி குடிச்சதுல சரியாப்போச்சு,” என்றாள் ரெங்கம்மா. “நம்மளத்தான் பிடுங்கி எறிஞ்சுட்டா. புள்ளைய விட்டுட்டா.”

“தண்ணி மாறினதுலதான் சரியாச்சு புள்ள. உனக்கு எத்தன தடவ சொல்றது?”

“நீங்க சொல்லிச் சொல்லித்தானே இஸ்தோப்புல கெடக்கிறோம்.”

அழகர் புல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தை பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், பெரியாயி வந்தாள். பஸ்ஸில் வந்து, ஹாலிஎலையிலிருந்து நடந்திருந்தாள். சின்ன மகளைக் கூட்டி வரவில்லை. சோலை எங்கே என்று ரெங்கம்மா கேட்பதற்கு முன்பே பெரியாயியின் வெறும் இடுப்பும் எண்ணெய் காணாத தலையும் சொல்லிவிட்டன. ரெங்கம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதார்கள். கருப்பம்மா சாயத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

“இன்னிக்கிப் பதினேழு நாள்,” என்றாள் பெரியாயி. “கடைசி மட்டும் பீலித் தீர்த்தந்தான் கேட்டான். ஒரு கிண்ணம் குடுத்தா மூணு வாய் குடிப்பான். வேற ஒண்ணும் உள்ள போகல. நான் என் கையால குடுத்தேன்.”

அழகர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்து, மடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். மண்ணெண்ணெய்ப் போத்தல், துணியால் அடைத்தது, பீலித் தண்ணீர். அதைத் தரையில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“பேச்சிக்குன்னுதான் எடுத்தாந்தேன். ஆனா ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தம்பி. அதுக்குத்தான் வந்தேன். நீ அன்னிக்கிச் சொன்னது மனசுல கெடந்து அறுக்குது. கண்ண மூடினா அதுதான். இந்தத் தண்ணியில ஒண்ணும் இல்லதானே? தொரை மேல கோவத்துல சொன்னதுதானே?”

ரெங்கம்மா அழுகையை நிறுத்திவிட்டாள்.

அழகர் குந்தி உட்கார்ந்து போத்தலை எடுத்தான். துணியை உருவினான். அந்தத் துவர்ப்பு மூக்கிலேயே தெரிந்தது. அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். குடித்துவிட்டுக் கையால் வாயைத் துடைத்தான்.

“ஒண்ணும் இல்லக்கா,” என்றான். “கோவத்துல சொன்னதுதான்.”

பெரியாயி அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதினேழு நாளாக அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கியது தெரிந்தது. சாயத் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சோலை நடக்கப் பழகியதைப் பற்றியும், லொறிச் சத்தம் கேட்டால் அவன் றோட்டுக்கு ஓடுவதைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினாள். ரெங்கம்மாவும் பேசினாள். அழகருக்கு வயிறு புரட்டத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இப்பத்தான் தம்பி நிம்மதி,” என்றாள் பெரியாயி, எழுந்து சேலையை உதறிக்கொண்டே. “சின்னவளுக்கும் முந்தாநாள் வாந்தி தொடங்கிருச்சு. நீ சொன்னத நெனச்சுக்கிட்டுத் தீர்த்தம் குடுக்காம வச்சிருந்தேன். ஆத்துலேருந்து ஒரு கொடம் சொமந்தாந்து அதத்தான் குடுத்தேன். பாவி, ஆத்தாளையே சந்தேகப்பட்டுட்டேன். போனதும் மொத வேலையாக் குடுக்கணும்.”

அவள் செருப்பில்லாத காலை வெயிலில் வைத்து இரண்டு எட்டுப் போயிருப்பாள்.

“குடுக்காதீங்கக்கா,” என்றான் அழகர்.

பெரியாயி திரும்பினாள். அவன் இஸ்தோப்பின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்து, குடித்ததையெல்லாம் மண்ணில் கக்கிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு சோலைக்குக் கிண்ணம் பிடித்த தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.